கழற்றி வைத்த மூன்று டயர்கள்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு பித்தளைப் பூட்டு கிடக்கிறது. உள்ளங்கையை நிறைக்கும் பெரிய பூட்டு. அதன் இரும்புக் கொண்டியை யாரோ ரம்பம் வைத்து அறுத்திருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது அறுத்த இடம் புதுக்காசு போல மின்னியது, இப்போது துருவேறிவிட்டது. சாவியைப் போட்டுத் திருப்பினால் இன்றைக்கும் உள்ளே நாக்கு நகர்கிற சத்தம் கேட்கும். பூட்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. செய்யாதவள் நான்.

நாமக்கல்லில் ஒரு வாகன இன்சூரன்ஸ் ஏஜென்ட் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக், டேங்கர், கோழி வண்டி என்று எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்பி, பாலிசி வாங்கிக் கொடுத்து, விபத்தென்றால் இழப்பீட்டுக்கு எழுதி அனுப்புகிற வேலை. வருகிறவர்களில் பாதிப்பேரைப் பெயர் சொன்னால் எனக்குத் தெரியாது, ஊர் சொன்னால் தெரியும். அப்படித்தான் அவர் எனக்குப் புதுச்சத்திரத்து அண்ணன். ஒற்றை லாரிக்கு அவரே முதலாளி, அவரே டிரைவர். வாடிக்கையாளருக்கென்று போட்டிருக்கிற நாற்காலியில் உட்கார மாட்டார். வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, கண்ணை ஒருமுறை தெருவிலிருக்கும் வண்டி மீதும் ஒருமுறை என் மீதும் வைத்துப் பேசுவார். பேச்சில் பாதி கிண்டலாக இருக்கும். "அம்மிணி, எம்பட வண்டிக்கு எழுதற கையால ஊட்டுக்காரிக்கும் ஒரு பாலிசி எழுதிப்போடுங்க, அவளும் பழைய மாடல்தானுங்க" என்பார். அவர் மனைவியை, அந்த அக்காவை, அப்போதெல்லாம் நான் பார்த்ததே இல்லை.

எங்கள் பக்கத்து லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தகுதிச் சான்றுக்காக வண்டியை அதிகாரியிடம் காட்டும் நாளில் புது டயர் மாட்டிக்கொண்டு போவார்கள். சான்று கைக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டிவிடுவார்கள். இதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைப்பதில்லை. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையை வீட்டுக்கு வந்ததும் மடித்து வைப்பதில்லையா, அதுபோலத்தான். அண்ணனும் முன்சக்கரத்துக்கு இரண்டு, மாற்றுக்கு ஒன்று என்று மூன்று புது டயர் வைத்திருந்தார். தீவன ஆலைக்கு மக்காச்சோளம் ஏற்றுகிற உள்ளூர் நடைக்கெல்லாம் பழைய டயர். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு வடக்கே மகாராஷ்டிரம் போகும்போது, அதை அவர்கள் லைனுக்குப் போவது என்பார்கள், அப்போது மட்டும் புது டயர். மற்ற நாளில் அந்த மூன்றும் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பூட்டிக் கிடக்கும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் பாலிசியைப் புதுப்பிக்க வந்தார். அன்றைக்கு எங்கள் அலுவலகம் சந்தைக்கடைதான். கரன்ட் வேறு இல்லை. வியர்வை சொட்டச் சொட்ட எழுதிக்கொண்டிருந்தேன். வாசல் நிலையில் நின்றபடியே கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, டயரக் கழட்டிக் கொட்டாயில வெச்சிருக்கறனே, அது களவு போனாலும் இன்சூரன்ஸ் உண்டுங்களா?"

"உண்டுங்ண்ணா. வண்டி சாமான்தானுங்களே."

"கழட்டி வெச்சாலுமா?"

"ஆமாங்ண்ணா."

அவர் இரண்டாம் முறை கேட்டதுதான் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒரு முறை கேட்டிருந்தால் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பாலிசியின் விதிகள் அச்சடித்த தாள் என் முழங்கைக்கு அடியிலேயே இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்கட்டும் என்று அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு பதில் சொன்னேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தெரியாது என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை. எல்லாம் தெரிந்த அம்மிணி என்று பெயர் வாங்கி வைத்திருந்தேன், அதுதான் காரணம்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது, மூன்று டயரும் இல்லை. மறுநாள் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். அறுபட்ட பூட்டையும் சாவியையும் மேசை மேல் வைத்தார். "பூட்டித்தான் வெச்சிருந்தேன்கறதுக்குச் சாட்சிங்க" என்றார். அப்போதும் அவர் முகத்தில் பெரிய கவலை இல்லை. அவர் போன பிறகுதான் அந்தத் தாளை எடுத்து வரி வரியாகப் படித்தேன். லாரியின் துணைப் பாகங்கள் தனியாகத் திருடு போனால் இழப்பீடு கிடையாது, லாரியும் அதோடு சேர்ந்து திருடு போயிருந்தால்தான் உண்டு என்று அச்சாகியிருந்தது. அதுவும் இவை வண்டியிலேயே இல்லாதவை. இருந்தும் இழப்பீட்டுக்கு எழுதி அனுப்பினேன்.

இழப்பை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயரோடு நானும் புதுச்சத்திரம் போனேன். அவர் கொட்டகையைப் பார்த்தார், பிறகு பத்தடி தள்ளி நின்றிருந்த லாரியைப் பார்த்தார். வண்டியும் கூடப் போயிருந்தால் கிடைத்திருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அண்ணன் லாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பத் திருடனுக்கு வெவரம் பத்தலீங்க" என்றார். சர்வேயர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. இப்போது கேட்பார், அம்மிணி நீங்கதானே சொன்னீங்க என்று இப்போது கேட்பார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை வந்து வழியனுப்பி, "உடுங்க அம்மிணி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அவர் அந்தக் கேள்வியையே மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஆறுதல் எவ்வளவு வசதியாக இருந்தது!

பிறகு நடந்ததை நினைத்தால் ஒவ்வொரு படியும் தெளிவாகத் தெரிகிறது. புது டயர் வாங்க அப்போது அவருக்கு வழியில்லை. உள்ளூர் நடை குறைந்திருந்தது. பங்குனியில் வடக்கே ஒரு ஜவ்வரிசி லோடு கிடைத்தது. போகிற வழியில் ஏதோ காகிதம் வாங்க அலுவலகத்துக்கு வந்தார். வண்டி எதிரே வெயிலில் நின்றிருந்தது. நான் படியிறங்கிப் போய் முன்சக்கரத்தைப் பார்த்தேன். ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஓரிடத்தில் உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.

"ஏனுங்ண்ணா, இதுலயா லைனுக்குப் போறீங்க?"

"மெல்லமாப் போய்ட்டு வாரேனுங்க. வாரப்ப வெங்காய லோடு கெடைச்சா, அந்த வாடகையில ரெண்டு டயரு போட்டர்லாம்."

போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும். என் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி, எங்கள் ஏஜென்ட் அய்யாவிடம் சொல்லி ஏதாவது ஏற்பாடு செய்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். "பார்த்துப் போங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். லாரி முனையில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு மேலே வந்து, அடுத்தவருடைய படிவத்தை எடுத்தேன்.

அதற்குப் பிறகு அலுவலகத்துத் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் பயமாக இருந்தது. வேறு யாராவது எடுக்கட்டும் என்று கோப்பைத் தேடுவதுபோல எழுந்து போய்விடுவேன். பதினொன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்த அழைப்பை எடுக்க என்னைத் தவிர ஆளில்லை. தொப்பூர் இறக்கத்தில் முன்சக்கரம் வெடித்து லாரி சாய்ந்துவிட்டது என்றது ஒரு குரல். ரோடு பூராவும் வெங்காயம் என்றது. நான் வெங்காயத்தைக் கேட்கவில்லை, டிரைவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ஆள் இல்லை என்றது அந்தக் குரல். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு மணி நேர ஓட்டம்தான் பாக்கி.

காரியமெல்லாம் முடிந்து அந்த அக்கா காகிதங்களோடு வந்தார். அவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கேள்வியாக, "டயரெல்லாம் வண்டியிலதானுங்க இருந்துது அம்மிணி. இந்த வாட்டி குடுத்துருவாங்களா?" என்று கேட்டார். நான் விதித்தாளை எடுத்துப் பிரித்து, இரண்டு முறை படித்துவிட்டு, "குடுத்துருவாங்கக்கா" என்றேன். அந்தக் குடும்பத்துக்கு நான் படித்துப் பார்த்துச் சொன்ன முதல் பதில் அதுதான். கையெழுத்துக்குப் பேனா எடுக்க இழுப்பறையைத் திறந்தபோது அவர் பூட்டைப் பார்த்துவிட்டார்.

"எங்கூட்டுப் பூட்டாச்சே" என்றார். பிறகு, ஊர்க்கதை சொல்வதுபோலத்தான் சொன்னார். "அந்த மூணு டயரயும் வெண்ணந்தூர்ல எங்கண்ணன் ஊட்டுக் காங்கிரீட்டு ரூமுல வெக்கலாம்னுதான் இருந்தமுங்க. வண்டியில ஏத்திக்கூட வெச்சாச்சு. இவருதான் வந்து, வேண்டாம் இறக்கு, அம்மிணி சொல்லீருச்சு, கொட்டாயில இருந்தாலும் இன்சூரன்ஸ் உண்டு, ரெண்டு வாட்டி கேட்டுட்டேன்னாருங்க."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணன் மறக்கவே இல்லை. தெரிந்தேதான் என்னை விட்டுக்கொடுக்காமல் சிரித்திருக்கிறார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பேனாவை நீட்டி, இங்கே ஒன்று, கீழே ஒன்று என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

இப்போது யார் பாலிசிக்கு வந்தாலும் வண்டியிலிருந்து எதையாவது கழற்றி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் கேட்கிறேன். "பல்லு செட்டத்தான் கழட்டி வெச்சிருக்கறனுங்க, சேத்து எழுதிக்குங்க" என்று ஒருவர் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தாளை அவர் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன்.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அந்த அக்கா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். அதிலிருந்து ஒன்றை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றினார். "இனி இது எதுக்குங்க எனக்கு, பூட்டோடவே இருக்கட்டும்" என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். என் இழுப்பறையில் இருக்கும் அறுபட்ட பூட்டுக்கு இப்போது இரண்டு சாவி.