பியானோவும் ஒரு ஹீட்டரும்

1. ஏறிப்போன சுருதி

"செல்வம், பாட்டு என்னத்துக்கு இப்பிடி ஒசந்து போயிக்கி?"

முதலாளி கேட்டதும் நான் ரீலை நிறுத்தினேன். பியானோ வாசித்த சுகந்தி அன்று காலைதான் கனடாவுக்கு விமானம் ஏறியிருந்தாள்.

யுத்த காலம். கண்டியில் எங்களுடையது சின்ன ரெக்கோர்டிங் ஸ்டூடியோ. முதலாளி பக்கத்து ஊரான மடவளைக்காரர். டவுனிலேயே மஹய்யாவையில் பிறந்த நான்தான் அங்கே ஒலிப்பதிவாளன், எந்த வாத்தியத்துக்கும் சுருதி கூட்டுபவன், பியூஸ் போடுபவன், எல்லாம். கோயில் பாட்டு, முஸ்லிம்களின் கஸீதாப் பாட்டு, கடை விளம்பரம் என்று ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு நாலு பிள்ளைகள் வந்து ராக் அல்பம் செய்ய வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் ராக் என்றால் கிட்டாரைக் கதறவிடுவதுதான். அவர்களில் ஒருத்தியான, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இங்கே சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்த சுகந்தி அதற்குச் சம்மதிக்கவில்லை.

"கிட்டார் பின்னாலை நிக்கட்டும் அண்ணை. பியானோதான் கதைக்கோணும்."

பத்துப் பாட்டும் அவள் எழுதியவை. பாடுவது அவளோடு படிப்பித்த அன்டன்.

2. மண்டபத்தில் ஒரு பகல்

ஸ்டூடியோவில் பியானோ இல்லை. சுகந்தி புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பியானோ இருந்த ஒரு சேர்ச் மண்டபத்தில் இடம் கிடைத்தது, அந்த ஒரு பகலுக்கு மட்டும். விடியவே போய், டியூனிங் ஃபோர்க் என்னும் சுருதிக் கவையைத் தட்டிச் சுருதி கூட்டினேன். மழைக்காலத்துப் பனியில் பியானோவின் கட்டைகள் ஊறி, அமுக்கினால் எழும்ப மாட்டேன் என்றன. அத்தோடு கரண்டும் போய்விட்டது. கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் ஒன்றை எடுத்து மண்டபத்துக்குத் தூரமாய் வைத்தேன். சேர்ச் ஃபாதரின் எலக்ட்ரிக் ஹீட்டரை வாங்கிப் பியானோவுக்கு அடியில் வைத்ததும் கட்டைகள் இளகின. நிறுத்தினால் மறுபடி ஒட்டும் என்று பகல் முழுக்க எரியவிட்டேன்.

முடிந்ததும் சுகந்தி பியானோ மூடியைத் தடவிக்கொண்டு நின்றாள். "இந்த ரெக்கோர்டிங்கைக் கெடுத்துப்போடாதேங்கோ அண்ணை. திரும்பி வந்து வாசிக்க எனக்கு ஏலாது."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க நிம்மதியா போய் வாங்க" என்று பெரிதாகச் சொல்லி அனுப்பினேன்.

3. என் பிழை

எங்கள் ரீல் மெஷினின் மோட்டார், கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் துடிக்கிறது என்ற சைக்கிளைப் பார்த்துத்தான் சுற்றும். பாரம் ஏறிய ஜெனரேட்டர் மெதுவாக ஓடியிருக்கிறது, டேப்பும் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. டவுன் கரண்டில் போட்டால் வேகமாகிச் சுருதி ஏறாமல் என்ன செய்யும்? அன்டன் பாடிப் பார்த்தான். தொண்டை எட்டவில்லை. இத்தனை வருட அனுபவம் பேசுகிற எனக்கு இது அன்றைக்கே தோன்றவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்கு ஆனையோடு சேர்ந்து பாகனும் சறுக்கியது.

"ரீலை வீசுங்க. கீபோட்டுல வேற ஆள வெச்சி வாசிச்சிக்கலாம்" என்றார் முதலாளி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வேற ஆளு வாசிக்கிறதுக்கா அந்தப் புள்ள இவ்வளவு பாடுபட்டிச்சி? ரெண்டு நாள் குடுங்க முதலாளி."

அதே ஜெனரேட்டரைத் தேடிப் பிடித்து வேனில் ஏற்றி வந்தேன். செக்பொயிண்டில் மறித்தார்கள். வயர் கட்டு, என்ஜின், தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை. சந்தேகப்பட இது போதாதா? ஆமிக்காரர் என் பையிலிருந்த ஃபோர்க்கை எடுத்து, "மே மொகத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். வாயால் விளக்கப் பயமாக இருந்தது. வாங்கி முழங்காலில் தட்டி அவர் காதருகே பிடித்தேன். அது அடங்கும்வரை கேட்டுவிட்டு, "ஹரி, யன்ன" என்று போகச் சொன்னார்.

ஸ்டூடியோவில் ஜெனரேட்டரை ஓடவிட்டு ரீலைப் போட்டேன். ஃபோர்க்கைத் தட்டிப் பார்த்தால் பியானோ இன்னும் கொஞ்சம் ஏறியே நின்றது.

"இன்னம் ஒத்து வரல்லயே" என்றார் முதலாளி.

அதே என்ஜின், அதே ரீல். அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாதது எது என்று யோசித்தேன். ஹீட்டர்! ஓடிப்போய் ஃபாதரிடம் அதையே கேட்டு வாங்கி வந்து ஜெனரேட்டரில் சொருகினேன். பாரம் ஏறி ஜெனரேட்டர் ஒருமுறை முனகி வேகம் குறைந்தது. ஃபோர்க்கும் பியானோவும் ஒரே சத்தமாயின. அன்டன் பாடத் தொடங்கினான், தொண்டை நோகாமல். முதலாளி தானே போய் எனக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார்.

பத்துப் பாட்டையும் அப்படியே முடித்தோம், கண்டிக் குளிரில் வேர்த்து வடிய. கரண்டின் சைக்கிளுக்குக் கட்டுப்படாத டெக்கில் மாஸ்டர் கசெட்டை எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நாளில் ஸ்டூடியோவுக்குச் சுகந்தியின் டெலிபோன் கோல் வந்தது.

"அண்ணை, என்ரை கைதான். நான் வாசிச்ச மாதிரியே கிடக்கு."

எத்தனையோ கசெட் செய்திருக்கிறேன். என் வேலையைச் சொல்லிக் காட்ட ஒன்றைக் கேட்டால் இதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் ரீல் பெட்டியின் மேல் பாட்டின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கு எந்தப் பிளக்கில் என்ன சொருகியிருந்தது என்பதையும் எழுதுங்கள். அந்த ரீல் பெட்டி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதன் மேல் என் கையெழுத்தில், "பியானோ: சுகந்தி. ஹீட்டர்: ஒன்று."