விரலுக்குத் தெரியாத தலை

அந்த விக் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "விரலக்கா" என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். இருபத்தேழு வருடமாக முடி தரம் பிரிக்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். வெட்டிய முடி கட்டுக் கட்டாக வரும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நாலு இழையை வைத்து ஒரு உருட்டு உருட்டுவாள். "இது முரடு, இது நடுத்தரம், இது பூ மாதிரி" என்று பிரித்துப் போடுவாள். "இது ஒரே தலை இல்ல, ரெண்டு தலையைக் கலந்து ஏமாத்தறாங்க" என்று ஒரு தடவை சொன்னாள். கொண்டு வந்த வியாபாரி கட்டை எடுத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் நடையைக் கட்டினான். அதிலிருந்து யாரும் அவளிடம் வாலாட்டுவதில்லை.

தீர விசாரிப்பதே மெய் என்று ஊரெல்லாம் சொல்லும். இவளுக்குத் தொட்டுப் பார்ப்பதே மெய். விசாரித்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரமுமில்லை, பொறுமையுமில்லை. கொஞ்சம் தலைக்கனம்தான். ஆனால் இருபத்தேழு வருடம் ஒரு தப்பும் செய்யாத ஆளுக்குக் கொஞ்சம் கனம் இருந்தால்தான் என்ன?

அவளுடைய தங்கைக்கு நாற்பத்தொரு வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "பயப்படாதீங்க, இன்னொரு பிரேக் என் காலடியில இருக்கு" என்று சொல்லியே பாதி ஊரை ரோட்டில் இறக்கிவிட்டவள். அந்த மகராசிக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தாகிவிட்டது. இனி மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அறுவைச் சிகிச்சை ஆன பிறகு தங்கையால் கையை மேலே தூக்க முடியவில்லை. அதனால் அக்காதான் தினமும் காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டாள். மெல்லிசான முடி, லேசாக அலை அடிக்கும், எண்ணெய் காணாத மாதிரி வறண்டு கிடக்கும். இந்தத் தலை அவளுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் இதே தலையை மடியில் வைத்து வாரியவள்தான். தங்கைக்குப் பதின்மூன்று வயதானபோது அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது. அதோடு சீப்பு கை மாறியது.

ஒருநாள் தலை வாரும்போது தங்கை கேட்டாள்.

"அக்கா, என் ஜடை உங்கிட்டதானே இருக்கு?"

இருந்தது. பத்தொன்பது வயதில் நீச்சல் போட்டிக்காகத் தங்கை முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். அம்மா அந்த ஜடையைத் துணியில் சுற்றி நாலு பக்கமும் தைத்து, "நீதான் இந்தத் தொழில்ல இருக்கியே, வச்சுக்கோ" என்று பெரியவளிடம் கொடுத்துவிட்டாள். அலமாரியின் மேல் தட்டில் அது இருபத்திரண்டு வருடமாகக் கிடக்கிறது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் போட்ட தையலைப் பிரிக்க மனசு வராமல் இவள் அதை ஒருநாளும் திறந்ததில்லை.

"அதுல எனக்கு ஒரு விக் செஞ்சு குடு. ஊரான் முடி எனக்கு வேண்டாம். என் முடியே என் தலைக்கு வரட்டும்."

"செஞ்சுட்டாப் போச்சு. இதைவிட எனக்கு என்னடி வேலை?"

மறுநாள் அந்தப் பொட்டலத்தைத் தைத்தபடியே கொண்டுபோய் நுரையண்ணன் கையில் கொடுத்தாள். நுரையண்ணன் பட்டறையில் முடி கழுவுகிறவர். முழங்கை வரைக்கும் எப்போதும் சோப்பு நுரை, அதனால் அந்தப் பெயர். வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழைதான். வேர்ப்பக்கம் ஒன்றாகவும் நுனிப்பக்கம் ஒன்றாகவும் மாறாமல் கழுவி எடுப்பது லேசான காரியமில்லை. ஒரு பிடி தலைகீழாகப் போனாலும் விக் முழுக்கச் சிக்கு விழும். பத்தொன்பது வருடத்தில் அவர் கையில் ஒரு பிடிகூடத் தலைகீழாகப் போனதில்லை.

இரண்டு நாள் கழித்து, கழுவிக் காயவைத்த முடியை அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். விரலக்கா ஆசை ஆசையாக எடுத்தாள். நாலு இழையை வைத்து உருட்டினாள். விரல் நின்றுவிட்டது.

முரடு. கம்பி மாதிரி நேராக நின்றது. கன்னங்கரேல் என்று மின்னியது. மறுபடி உருட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உருட்டினாள். அன்று காலையில்தான் தங்கையின் தலையை வாரிவிட்டு வந்திருக்கிறாள், அந்தத் தொடுகை இன்னும் விரலில் இருக்கிறது. இது அது இல்லை. யாரோ ஒருத்தியின் முடி.

நேற்றுத் தொட்டியில் வேறொரு நீளமான கட்டும் ஊறியதை அவளே பார்த்திருந்தாள். அது விக் வலையில் முடிச்சுப் போடும் பகுதிக்கு இன்று காலையிலேயே போய்விட்டது. அப்படியானால் தங்கையின் முடி யார் தலைக்கோ போகிறது, யாருடைய முடியோ இங்கே கிடக்கிறது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நேரே தொட்டியடிக்குப் போனாள்.

"அண்ணே, கட்டு மாறிப்போச்சு."

"மாறல."

"மாறியிருக்கு. இது என் தங்கச்சி முடி இல்ல."

"நீங்க குடுத்த பொட்டலத்தைப் பிரிச்சேன், கழுவினேன், காயப்போட்டேன், குடுத்தேன்."

"தெரியாம மாத்தியிருந்தாலும் பரவால்ல, சொல்லிடுங்கண்ணே. இன்னிக்கே தேடி எடுத்துடலாம்."

"மாத்தலம்மா."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் கண்ணுக்கு அங்கே நுரையண்ணன் தெரியவில்லை, மொட்டைத் தலையோடு நிற்கிற தங்கைதான் தெரிந்தாள். "பொய் சொல்றீங்க" என்று கத்தினாள். மேசைக்கு நாலு பேராக வேலை செய்துகொண்டிருந்த கூடம் முழுக்கக் கேட்டது. ஊசியும் கொக்கியும் அப்படியப்படியே நின்றன.

முதலாளியம்மா வந்தார். அவருக்கு இரண்டு பேருமே வேண்டியவர்கள்தான். ஆனால் விரலக்காவின் விரலை நம்பித்தான் அந்தப் பட்டறையே ஓடுகிறது. "விரல் சொன்னா தப்பாகாது. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க வீட்டுல இருங்க" என்று நுரையண்ணனிடம் சொல்லிவிட்டார். அவர் கையைத் துடைத்தார். ரப்பர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். முதுகு மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது.

மற்றக் கட்டையும் கொண்டுவரச் சொல்லித் தொட்டுப் பார்த்தாள். அதுவும் தங்கையின் முடி இல்லை. அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்றால் தங்கையின் முடி எங்கே போயிற்று? கிணற்று நீரை வெள்ளமா கொண்டுபோகும்? யாரிடமும் சொல்லாமல் அந்த ஜடையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். வீட்டில் தங்கை கேட்டபோது, "ஆகுது, ஆகுது" என்று சமாளித்தாள்.

முதல் தடவை மருந்து ஏற்றிப் பதினாறாம் நாள் தலையணையெல்லாம் முடியாகக் கிடந்தது. இருபத்தோராம் நாள் காலையில், இரண்டாவது தடவை மருந்து ஏற்றிக்கொள்ளத் தங்கை ஆஸ்பத்திரியின் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள், தலையில் ஒரு துணித் தொப்பி.

"அக்கா, முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காதே. விக் என்னாச்சு, உண்மையைச் சொல்லு."

சொல்லிவிட்டாள். கட்டு மாறியது, நுரையண்ணன் பொய் சொன்னது, பட்டறையே வேடிக்கை பார்த்தது எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த முடி எப்படி இருந்தது என்பதையும் சொன்னாள். தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். கையில் மருந்துக் குழாயோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடிப் பாவி! அது என் முடிதான். காலேஜ்ல என் ஜடையைக் கயிறுன்னுதான் சொல்லுவாங்க. கிணத்துல வாளி விழுந்தா உன் ஜடையை விட்டு எடுக்கலாம்னு கிண்டல் பண்ணுவாங்க."

"போடி. உன் தலையை நான் வாரினதில்லையா? உன் முடி மெல்லிசு."

"நீ எப்ப வாரின? பதின்மூணு வயசு வரைக்கும். அப்புறம் இப்ப. நடுவுல ஒருநாளாவது தொட்டிருக்கியா?"

தொட்டதில்லைதான். அம்மா வீட்டுக்கு விருந்தாளியாகப் போனபோதெல்லாம் பின்னின ஜடையைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி.

மருந்துப் பையை மாற்ற வந்த நர்ஸம்மாவையும் தங்கை பஞ்சாயத்துக்கு இழுத்தாள். நர்ஸம்மா வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முடி மாறாம பின்ன? வயசுக்கு வரும்போது உடம்புல சுரக்கறதெல்லாம் மாறுது, முடி தடிச்சுக் கறுக்கும். வயத்துல புள்ள இருக்கும்போது கொட்டாம அடர்த்தியா நிக்கும், பெத்து நாலு மாசத்துல கொத்துக் கொத்தாப் போகும். நாப்பதைத் தாண்டினா மயிர்க்கால் சுருங்கிடுது, ஒரு இழை வளர்ற காலமும் குறையுது, அதனால மெல்லிசாத்தான் வரும். எண்ணெய்ப் பசையும் குறையும். மயிர்க்கால் வட்டமா நேரா இருந்தா முடியும் நேரா வரும், கோணிக்கிட்டா சுருளும். இவங்களுக்கே இந்த மருந்தெல்லாம் முடிஞ்சு முளைக்கும்போது சுருட்டையா வந்தாலும் வரும்."

"அது ஏன் அப்படி?" என்று விரலக்கா கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஏன்னு முழுசா யாருக்குங்க தெரியும்? நீங்க முடித் தொழில்ல இருக்கீங்களாமே, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாதுதான். இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் தலை அவள் விரலுக்குள் புகுந்து போயிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதே தலை இருபது வருடம் கழித்து இன்னொரு தடவை அவள் மேசைக்கு வந்ததே இல்லை. அவள் அறிந்ததெல்லாம் வெட்டிய முடி. வளர்கிற முடியைப் பற்றி அவளை யாரும் கேட்டதுமில்லை, அவளும் யோசித்ததில்லை.

அன்று மதியமே பட்டறைக்குப் போய் ஜடையை வெளியே எடுத்தாள். முழு நீளத்தையும் மேசைமேல் நீட்டிப் போட்டாள். வேர்ப்பக்கம் தங்கைக்குப் பத்தொன்பது வயது. ஆறு வருடத்துக்குக் குறையாத வளர்த்தி என்றால் நுனிப்பக்கம் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அந்த நுனி அவள் வாரிவிட்ட முடியாகத்தானே இருக்க வேண்டும்? நுனியைத் தொட்டாள். மெல்லிசாக இருந்தது. அலை கூட லேசாக இருந்தது. தங்கைதான், தங்கையேதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த நிமிடமே, எந்த முடிக்கும் நுனி தேய்ந்து மெல்லிசாகத்தானே இருக்கும் என்று தொழில் புத்தி குறுக்கே விழுந்தது. ஆம் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. போதாக்குறைக்குத் தன் தலையிலிருந்து ஒரு நரைமுடியையும் ஒரு கறுப்பு முடியையும் பிடுங்கி உருட்டிப் பார்த்தாள். நரை கரடுமுரடாக இருந்தது, கறுப்பு நைந்து போயிருந்தது. வியாபாரி கொண்டு வந்திருந்தால் இரண்டு தலை என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஜடையை முடிச்சுப் போடுகிற பெண்களிடம் கொடுத்து, "இது என் தங்கச்சிக்கு, சீக்கிரம்" என்றாள். முதலாளியம்மாவிடம், "நான் அவசரப்பட்டுட்டேன். அவரை வரச் சொல்லுங்க" என்றாள். "அவர் போன் எடுக்க மாட்டேங்கறார். நீங்கதான் போகணும்" என்றார் முதலாளியம்மா. அது நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனாள். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. நுரையண்ணன் கதவைத் திறந்தார். நுரை இல்லாத கையை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள், தோல் சுருங்கி வெளுத்துக் கிடந்தது. அவர் உள்ளே கூப்பிடவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நான் பேசினது தப்பு. நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்க வேலைக்கு வரணும்."

"அது உங்க தங்கச்சி முடிதான்னு தெரிஞ்சுடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் இன்னொரு பொய்யா?

"தெரியலண்ணே. தங்கச்சி அப்படித்தான் இருந்துச்சுங்கறா. நர்ஸு முடி மாறும்ங்கறாங்க. என் விரல் மட்டும் இன்னும் இல்லைங்குது. எதை நம்பறதுன்னு எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"அப்புறம் எதை வச்சுத் தப்புன்னு சொல்ல வந்தீங்க?"

"நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்பலேருந்து தெரியும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "எப்பவுமே தெரியும்ணே" என்றாள்.

நுரையண்ணன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அன்னிக்கும் தெரிஞ்சுதான் என்னைப் பொய்யன்னு சொன்னீங்க."

மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதையும் பாராமல் அழுதாள்.