தங்கையின் தொண்டையில் தடவிய பஞ்சு

டாக்டர், என் தங்கை சாவுக்கு நீங்கள்தான் காரணம்.

இன்று ஆஸ்பத்திரியில் என் மகளின் தொண்டைக்குள் நர்ஸ் பஞ்சுக்குச்சியை விட்டு, "இது மருந்தில்லை, சோதனைக்குத்தான்" என்றார். அந்த ஸ்பிரிட் வாடையில், இருபத்தைந்து வருஷத்துக்கு முன், 1940களில், உடையார்பாளையத்தில் இருந்த எங்கள் வீடு கண்முன் வந்தது.

தொண்டை அடைப்பான் நோயை ஆராய வந்த நீங்கள், மூச்சுத் திணறிய தங்கையின் தொண்டையில் பஞ்சைத் தடவி, குப்பியில் போட்டுக்கொண்டு போனீர்கள். எங்கள் ஊரில் தொண்டை நோவுக்கு மருந்தைப் பஞ்சில் நனைத்துத்தான் தடவுவார்கள்.

"வண்டி பூட்டுறேன், அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றார் அப்பா.

"டாக்டர்தான் மருந்து தடவிட்டாரே. புள்ளைய வண்டியில போட்டுக் குலுக்க வேணாங்க" என்றாள் அம்மா.

பொழுது சாய்வதற்குள் தங்கை போய்விட்டாள்.

இது மருந்தில்லை, சோதனைக்குத்தான் என்று ஏன் சொல்லவில்லை? நாளை உங்கள் ஆராய்ச்சிக்கு அரியலூரில் பாராட்டு விழாவாம். அந்த மேடையில், எல்லோரும் கேட்க, பதில் சொல்லுங்கள்.