பாலத்துப் பாட்டு கேட்கப் போன ஞாயிற்றுக்கிழமை

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இசை வேண்டும். ஆனால் அதில் வார்த்தை இருக்கக் கூடாது. வார்த்தை இருந்தால் வாய் கூடவே பாட ஆரம்பித்துவிடும், கை அளவை மறந்துவிடும். ஒருமுறை அப்படிப் பாடிக்கொண்டே ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். அன்றிலிருந்து இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் இருக்கும் என் கடையில் வெறும் கீபோர்டு இசைதான் ஓடும்.

அப்படித்தான் நான் அவருடைய ரசிகையானேன். சினிமா ஸ்டூடியோக்களில் வருஷக்கணக்காக மற்றவர்களுக்கு சிந்தசைசர் வாசித்தவர் அவர். நடுவில் சொந்தமாக மூன்று கேசட் போட்டார். பாடகர் கிடையாது, தபலா கிடையாது, எல்லாமே மின்சார ஓசை. வேறு ஊர்களில் அவை எப்படிப் போயினவோ தெரியாது, எங்கள் ஜில்லாவில் அதில் ஒன்று ஒட்டிக்கொண்டது. முதுகுளத்தூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் தினமும் அதைப் போடுவார்கள். உள்ளூர் கேபிளில் நகைக்கடை விளம்பரத்துக்குப் பின்னால் அது ஓடும். அடியில் 'தடக் தடக்' என்று ஒரு தாளம் ஓட, மேலே ஒரு மெட்டு மெதுவாக ஏறிக்கொண்டே போகும். பாம்பன் பாலத்தில் ரயில் போகிற சத்தம்தான் அது என்று எங்களில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கேசட்டில் வெறும் எண்தான் போட்டிருந்தது. நாங்களாகப் 'பாலத்துப் பாட்டு' என்று பேர் வைத்துக்கொண்டோம்.

போனில் எங்களுக்கு ஒரு ரசிகர் குழு உண்டு. நாற்பது பேர்கூட இல்லை. ஆரம்பித்தவர் புதுமடத்து பாய். சவூதியில் இருபது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். பாலைவன ரோட்டில் அந்த மூன்று கேசட்டும்தான் அவருக்குப் பேச்சுத் துணை. அவர் மனைவியை நான் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுவேன். என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வந்தவர், கடையில் ஓடிய இசையைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுலயும் ஒருத்தரு இதைத்தான் போட்டு உசுர வாங்குறாரு" என்றார். மறுநாளே பாய் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார்.

குழுவில் இன்னொருவர் முதுகுளத்தூர் அண்ணன். வயலில் மிளகாய் போடுகிறவர், நாற்பது ஐம்பது ஆடும் வைத்திருக்கிறார். அவருக்கு வேறு எந்த இசையும் வேண்டாம், பாலத்துப் பாட்டு மட்டும் போதும். போன் அடித்தாலும் அதுதான், காலையில் எழுப்புவதும் அதுதான். "அதைக் கேட்டா கண்ணுல தண்ணி வந்துருது ஏத்தா. ஏன்னு மட்டும் கேக்காத" என்பார்.

ஒருநாள் பாயிடமிருந்து மூச்சு வாங்க ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! சாரு வாராரு! நம்ம ராம்நாட்டுக்கே வாராரு!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. இங்கே ஒரு சின்ன இசைப் பள்ளி நடத்துகிறவர்கள் கூப்பிட்டிருந்தார்கள். நான் தீபாவளித் தையலைக்கூட ஓரமாக வைத்துவிட்டு மூன்று மணிக்கே போய் உட்கார்ந்தேன். இரண்டாவது வரிசை. ஒரு பக்கம் பாய், அத்தர் மணக்க வெள்ளைச் சட்டையில். மறுபக்கம் அண்ணன், இஸ்திரி போட்ட வேட்டியில். எங்களுக்குப் பின்னால் மண்டபம் நிறைந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் ஏதோ பாட்டுக் கச்சேரி என்று நினைத்துப் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தார்கள்.

அவர் வந்தார். எழுபதை நெருங்குகிற ஆள், ஒல்லியாக, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. கும்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜை நிறைய வயரும் பொத்தானுமாக இருந்ததன் பின்னால் போய் நின்று எதையோ திருகினார்.

'ம்ம்ம்ம்' என்று ஒரு ஓசை வந்தது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அது மாதிரி. வந்தது வந்தபடியே நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்.

"இன்னும் செட்டு சரிபண்ணலையா?" என்று பின்னால் ஒரு அம்மா கேட்டார்.

"சோதிச்சுப் பாக்குறாரு போல" என்று அண்ணன் என் காதில் சொன்னார்.

பிறகு அந்த ஓசைக்குள் வேறு சத்தங்கள் வந்தன. விசைப்படகு எஞ்சின் மாதிரி ஒன்று. கண்டக்டர் விசில் மாதிரி ஒன்று, ஆனால் நீளமாக இழுத்து, வளைத்து. யாரோ மீன் ஏலம் போடுகிறார்கள், ஆனால் வார்த்தை புரியாதபடி துண்டு துண்டாக நறுக்கியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பாய் கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஊசி ஒடிந்து இரும்பில் உரசுகிற மாதிரி ஒரு கீச்சு. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் பொறுத்த அண்ணன் எழுந்துவிட்டார். ஆடு மேய்க்கிற குரல், மைக்கே வேண்டாம். "அய்யா! பாலத்துப் பாட்டைப் போடுங்கய்யா!"

மண்டபமே கைதட்டியது. அவர் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி, சிரித்து, கையை ஆட்டினார். திரும்பவும் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அது வரத்தான் செய்தது. 'தடக் தடக்' கேட்டதும் ஒரே கூச்சல். அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். மெட்டு ஏற ஆரம்பித்தது. ஏறும்போதே அவர் அதைப் பிரிக்கத் தொடங்கினார். நான் பழைய ரவிக்கையைத் தையல் தையலாகப் பிரிப்பேனே, அப்படி. தாளம் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, ஒரு 'தடக்'குக்கும் அடுத்த 'தடக்'குக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிடலாம் போலானது. அப்புறம் அதுவும் அந்த 'ம்ம்ம்' ஓசைக்குள் போய் மறைந்துவிட்டது.

ஆறு மணிக்கு முடிந்தபோது பாதி மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மீதிப் பாதி அதற்குள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தது.

எதிரே டீக்கடையில் சண்டை தொடங்கியது.

"ஏன் பாய், இதுக்கா என்னை அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வரச் சொன்னீக? எங்க பம்புசெட்டு ரூம்ல இதைவிட நல்லாக் கேக்கும்" என்றார் அண்ணன்.

"உங்களுக்குப் புரியலைன்னு சொல்லுங்க. அந்த மனுசன் நம்ம கடலை அப்படியே எடுத்தாந்து முன்னால வச்சாரு. என் ஆயுசுல இப்படிக் கேட்டதில்ல" என்றார் பாய்.

"கடலைக் கொண்டாந்தாரு, சரி. பாலத்தை ஏன் இடிச்சாரு?"

இரண்டு பேரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். எனக்கும் கோபம்தான், ஆனால் பாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. டீ ஆறுகிறது என்றேன். அண்ணன் 'வாரேன்' என்றுகூடச் சொல்லாமல் பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார்.

முகம் பார்த்துச் சொல்ல முடியாததை மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து குழுவில் சொல்லிவிட்டேன். கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டே ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ். "கல்யாணப் பட்டு ஒண்ணு தைக்கக் குடுக்குறோம். வாங்கப் போனா, 'நான் இப்ப தைக்கிறதில்லம்மா, துணியக் கிழிக்கிறதுதான் இப்ப என் கலை'ன்னு நூலும் நாருமாக் கையில குடுத்தா எப்படி இருக்கும்? நேத்து எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. அவருக்கு வயசாயிருச்சு, நமக்கு என்ன வேணும்கிறது மறந்துபோச்சு" என்று இன்னும் என்னென்னவோ.

குழு பற்றிக்கொண்டது. சிலர் எனக்குக் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள். சிலர் எனக்குக் காதே கிடையாது என்றார்கள். பத்து மணிக்கு, படம் வைக்காத ஒரு எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது. அந்த எண் குழுவில் ரொம்ப நாளாக இருக்கிறது, ஆனால் வாய் திறந்ததே இல்லை.

'இரண்டாவது வரிசையில் காதைப் பொத்திக்கொண்டது நீங்கள்தானே அம்மா?'

அடுத்த நொடி பாய் போன் செய்தார். "தங்கச்சி! அது அவருதான்! போன வருசமே நான்தான் சேத்தேன். யாருக்கும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாரு."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா பாய்?" என்று கத்தினேன். மெசேஜை அழிக்கலாம் என்று போனை எடுத்தால் அவருடைய குரல் வந்து கிடந்தது. நிதானமான, சளி பிடித்த குரல். "அதை அழிச்சிடாதீங்க. மூணு தடவை கேட்டேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் ராமேஸ்வரத்துல இருக்கேன். நேத்து கச்சேரி பிடிக்காதவங்க யாராவது இருந்தா பார்க்கணும்னு ஆசை. பிடிச்சவங்க வந்தா போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. பேசறதுக்கு ஆள் இல்லை."

பாய் விடுவாரா? செவ்வாய்க்கிழமை மதியம் அவரைப் புதுமடத்துக்கே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். அண்ணனைச் சம்மதிக்க வைக்க எனக்கு நாலு போன் ஆனது. "வாரேன். ஆனா கேக்க வேண்டியதைக் கேட்டுருவேன்" என்றார்.

லாத்தா நெய்ச்சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பும் ஆக்கியிருந்தார். விருந்துக்கு வந்தவர் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரசித்துச் சாப்பிட்டார். நான் குனிந்த தலை நிமிரவில்லை. அண்ணன் கை கழுவியதும் ஆரம்பித்தார்.

"அய்யா, தப்பா நெனைக்கக் கூடாது. பாலத்துப் பாட்டை ஏன் அப்படிக் கெடுத்தீங்க? பாம்பன் பாலத்துல ரயிலு போறதை அப்படியே கண்ணுக்கு முன்னால கொண்டாந்தீங்களே!"

அவர் புரியாமல் எங்களைப் பார்த்தார். "பாம்பன் பாலமா? குழுவுல பாலத்துப் பாட்டுன்னு சொல்வீங்க, ஏதோ செல்லப் பேருன்னு நினைச்சேன். நான் முதல்முதலா அதைப் பார்த்ததே போன சனிக்கிழமைதான்."

"அப்ப அந்தத் 'தடக் தடக்'கு?" என்று பாய் கேட்டார்.

"அதுவா? அப்போ நான் ஒரு ஒண்டுக்குடித்தனத்துல இருந்தேன். பக்கத்து வீட்டுல இட்லி மாவு அரைச்சு விக்கிறவங்க. அவங்க கிரைண்டர்ல ஒரு கல் லேசா தட்டும். ராத்திரி பகல்னு இல்லாம அது காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். வேற வழியில்லாம அதையே தாளமா வச்சுட்டேன்."

அண்ணன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. "முப்பது வருசமா... கிரைண்டருக்கா நான் அழுதேன்?"

முதலில் சிரித்தது லாத்தாதான், அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து. அப்புறம் பாய். பாய்க்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அண்ணனும் கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அழுதது பொய்யில்லையே" என்றார் அவர் மெதுவாக. "ஆனா எனக்கு அந்தக் கிரைண்டர் சத்தம் வேற மாதிரி. அந்த வருஷம் வேலை இல்லை. ஒரே தாளத்துல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். அதான் இப்ப எங்க வாசிச்சாலும் அதை மெதுவாக்கிப் பார்க்கறேன். நீங்க சொல்ற ரயில் எனக்கு ஒருதடவை கூட கேட்டதில்லை. நேத்து சும்மா வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கிட்ட வந்து நின்னப்போ நிஜ ரயிலைக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. காதைப் பொத்தினீங்களே, அந்த இடத்தைப் போடறேன்." ஹெட்போனைக் கொடுத்தார். சத்தம் குறைத்துக் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். மனசுக்குள் எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன், ஆனால் அவர் கண்ணைப் பார்த்தபோது பொய் வரவில்லை.

"இப்பவும் பிடிக்கலை சார்."

"பரவாயில்லை. ஆனா அந்தக் கீச்சு அங்கதான் இருக்கும்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. அதற்கு முன்னால் வருகிற படகுச் சத்தம் பிடித்திருந்தது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். மண்டபத்தில் கோபத்தில் அதை ரசிக்கத் தவறியிருந்தேன்.

கிளம்பும் நேரத்தில் அவர் அண்ணனிடம், "அன்னைக்கு மண்டபத்துல கூப்பிட்டீங்களே, அந்தக் குரல் எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டார்.

"ஆட்டைக் கூப்புடுற குரலுங்க."

"எங்கே, கூப்பிடுங்க பார்ப்போம்."

அண்ணன் வெட்கப்பட்டார். பாய் தூண்டிவிட்டார். கடைசியில் வாசலில் போய் நின்று, கையை வாயோரம் குவித்து, "ஹேய்... ப்பா ப்பா ப்பா ஹேய்!" என்று விட்டார். தெருவில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடு உண்மையாகவே தலையைத் தூக்கிப் பார்த்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவர் தன் போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டார். இன்னொரு தடவை, தள்ளி நின்று, இன்னொரு தடவை என்று நாலைந்து முறை கூப்பிட வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து அவர் குழுவில் ஒரு புது இசையைப் போட்டார். பதினான்கு நிமிஷம். அடியில் ஒரு ஓசை மெல்லச் சுற்றிக்கொண்டிருக்க, தூரத்திலிருந்து அண்ணனின் குரல் வருகிறது, பத்தாகப் பிரிகிறது, ஒரு ஊரே ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி ஆகிறது. அண்ணன் அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். மிளகாய் வாங்க வருகிற வியாபாரிகளையும் உட்கார வைத்துப் பதினான்கு நிமிஷமும் கேட்க வைக்கிறாராம்.

குழு மறுபடியும் இரண்டாகிவிட்டது. இந்தத் தடவை ஒத்துக்கொள்ளாதவர் பாய். "கடலு வேற, காடு வேற. ஆட்டுச் சத்தத்தையெல்லாம் இசைன்னா எப்படி?" என்று எழுதினார். அண்ணன் உடனே, "உங்களுக்குப் புரியலைன்னு சொல்லுங்க" என்று பதில் போட்டார். அன்று பூராவும் போன் கத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அண்ணன் எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

"நீ என்ன ஏத்தா சொல்ற? உண்மையச் சொல்லணும்."

"முதல் பாதி அருமையா இருக்குண்ணே."

"ரெண்டாம் பாதி?"

"ரெண்டாம் பாதியில உங்க குரலை ரொம்ப இழுத்துட்டாருண்ணே. கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்."

அண்ணன் சொன்னார்: "அவருகிட்ட நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் அவரு கேப்பாரு."

கையில் வைத்திருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு நான் வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்தினேன்.