பாரம் சொல்லாமல் ஓடியவர்

நான் வாழ்நாளில் ஒரு குதிரையைக்கூட நேரில் கண்டதில்லை. ஆனாலும் இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் வவுனியாவிலே குதிரைகளைப் பற்றி அதிகம் எழுதிய பெண் யார் என்று கேட்டால் என்னைத்தான் கைகாட்ட வேண்டும்.

மாவட்டச் செயலகமான கச்சேரிக்குக் கிட்ட எனக்கு ஒரு கடை இருந்தது. நாலு கதிரை, ஒரு தட்டச்சு மெசின், மழைக்காலத்தில் மட்டும் மக்கர் பண்ணும் ஒரு போட்டோக்கொப்பி மெசின். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி, நட்டஈடு என்று எந்த விண்ணப்பமானாலும் நிரப்பிக் கொடுப்பேன். போர்நிறுத்தம் வந்த சமாதான காலம். யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. ஊருக்குத் திரும்புகிறவர், ஊரைத் தேடுகிறவர், ஊரே இல்லாதவர் எல்லாருக்கும் ஏதோ ஒரு படிவம் தேவைப்பட்டது. பிறந்த திகதி தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு ஜனவரி முதலாம் திகதி என்று எழுதுவது எங்கள் கடை வழக்கம். அந்த வகையில் சனத்தில் பாதிப்பேரை ஒரே நாளில் பிறப்பித்தவள் நான்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் புக்கி. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்கு வவுனியாவிலிருந்து பந்தயம் கட்டும் இடம். மரியாதையான பெண்கள் அந்தப் படி ஏற மாட்டார்கள், நானும் ஏறவில்லை. காலையில் கொழும்பிலிருந்து பக்ஸில், தொலைநகலாக, வரும் ஓட்டத் தாளைப் புக்கி முதலாளி பலகை இடுக்கால் தள்ளுவார். நான் தமிழாக்கி, அதே இடுக்கால் திருப்பித் தள்ளுவேன். அந்த இடுக்கு அரை அங்குலம்தான் இருக்கும் என்பதால் என் மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அந்த மார்கழியில் ஒருநாள் வந்த தாளில் புதுவிதமான ஓட்டம் ஒன்று இருந்தது. எல்லாம் இளங்குதிரைகள். அதுவரை வெறுந்தரையில் ஓடியவை, முதன்முதலாக வேலி தாண்டி ஓடப் போகின்றன. பன்னிரண்டு குதிரை, எட்டு வேலி. நான் "இளங்குதிரை வேலிப் பாய்ச்சல்" என்று எழுதித் தள்ளினேன். 

"பிள்ளை, வேலி பாயிறது கள்ள மாடெல்லோ? அதுக்கு ஆர் காசு கட்டுறது?" என்று முதலாளி கேட்டார்.

"நான் என்ன செய்யிறது? வெள்ளைக்காரன் கட்டுறான்" என்றேன்.

அங்கே நாளும் பொழுதும் குந்தியிருக்கும் ஒருவர், முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய மாட்டு வியாபாரி. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாருக்கும் அவர் நானா. மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயது சொல்வார். உடம்பில் சுழி எங்கே இருக்கிறது என்று பார்த்து அதிர்ஷ்டம் சொல்வார். குதிரைக்கும் அதே கணக்குத்தான் என்பது அவருடைய உறுதியான கொள்கை. பக்ஸில் பல்லும் வராது, சுழியும் வராது என்பது மட்டும்தான் அவருக்குக் குறை.

"தங்கச்சி, மூணாம் நம்பர் குதிரைட உம்மா ஆரு? அவ வேலி பாஞ்சவளா?" என்று அன்றும் இடுக்கால் கேட்டார். தாயின் பெயரும் அவள் ஓடிய ஓட்டங்களும் தாளில் இருக்கும். வாசித்துச் சொன்னேன். "தாய்வழி சரியில்லை. விடு" என்றார். கலியாணம் பேசுகிற வீட்டில்கூட இவ்வளவு தோண்டித் துருவ மாட்டார்கள். எனக்கு வந்த பேச்சுகளில் யாராவது இப்படி விசாரித்திருந்தால் நாங்கள் சிலவற்றிலிருந்து தப்பியிருப்போம்.

குதிரையை உண்மையாகவே தொட்டுப் பார்த்த ஒரே ஆள் புக்கிக்கு வெளியேதான் இருந்தார். தெருவுக்கு எதிரே இருந்த அரசாங்க அலுவலகத்தில் புல் வெட்டி, கூட்டி, கோப்புக் காவும் நாட்சம்பளக்காரர். தமிழரை அடித்து விரட்டிய எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர்களில் ஒருவர். அவருடைய தகப்பன் நுவரெலியாவில் ஓட்டக் குதிரைகளுக்குப் புல் போட்டவராம். இவரும் சின்னதில் கூடப் போய்ச் சாணம் அள்ளியிருக்கிறார். இவ்வளவு போதாதா? அவரைக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, முன்கதிரையில் இருத்தினார்கள்.

"மொத தடவ தாண்டுற குதிரைக்கு அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு தெரியாதுங்க. அதனால தேவைக்கு மேல உசரமாத் தாண்டும். அதுலதான் பின்னால போயிரும்" என்றார் அவர்.

அவர் சொன்னதை வைத்து முதலாளி ஒரு கணக்குப் போட்டார், நானா இன்னொன்று போட்டார், மாலையில் இரண்டு பேரும் தோற்றார்கள். வென்ற குதிரை நானா விடச்சொன்ன மூன்றாம் நம்பர். அதன் தாய் எந்த வேலியும் பாயாதவள்.

அடுத்த கிழமை தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. குதிரைகள் எந்த மாதத்தில் பிறந்தாலும் ஜனவரி முதலாம் திகதியே எல்லாவற்றுக்கும் ஒரு வயது ஏறும் என்று. நான் வாசித்துச் சொன்னதும் புல் வெட்டுகிறவர் சிரித்த சிரிப்பு பலகையால் கேட்டது. "அப்ப அதுங்களுக்கும் மிஸ்தான் படிவம் நெரப்புறாங்களா?"

அந்தச் சிரிப்பு அடங்கி ஒரு கிழமைக்குள் அவருக்கே படிவம் வந்துவிட்டது. நாட்சம்பளக்காரரை நிரந்தரமாக்கச் சொல்லிச் சுற்றறிக்கை. வயது நாற்பத்தைந்துக்குக் கீழே இருக்க வேண்டும். அவரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் எழுதிவைத்தது கலவரத்தோடு போய்விட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியர் உடம்பைப் பார்த்து உத்தேச வயது என்று ஒரு பத்திரம் கொடுப்பார். மனைவி எப்போதோ இறந்துவிட்டாள், பிள்ளைகுட்டி இல்லாத தனியாள் என்றே அவரை நாங்கள் அறிந்திருந்தோம். நிரந்தரமானால் பென்சன் வரும். இல்லையென்றால் கை ஓய்கிற நாளில் கஞ்சி ஊற்ற ஒருவருமில்லை. அவருக்கு அந்த ஒரு தாளில்தான் எல்லாம் இருந்தது.

"வயசு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க மிஸ். நீங்களே பாத்துப் போடுங்க."

ஆள் மெலிவு, தலை கறுப்பு. நாற்பத்துமூன்று சொல்லலாம், ஐம்பதும் சொல்லலாம். நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே நானா எழும்பி வந்து என் கடைக்குள், என் கண் முன்னாலேயே, "வாயத் திறங்க பாப்பம்" என்று அவருடைய பல்லைப் பார்த்தார். "கடைவாய் தேயல்ல. நாப்பத்தி நாலுக்கு மேல ஒரு நாளும் இல்ல."

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாயிருக்கிறது, சிரிப்பும் வருகிறது. புக்கியின் கரும்பலகையில், குதிரைகளுக்குக் கீழே, முதலாளி சோக்கட்டியால் ஒரு வரி எழுதினார். நாற்பத்தைந்துக்குக் கீழே என்றால் நூறுக்கு ஐம்பது லாபம். மேலே என்றால் நூறுக்கு ஐந்நூறு. ஒரு மனிசனின் வயதில் பந்தயம் கட்டுகிறார்கள் என்று நான் கொதித்துப்போய்ப் பலகையில் அடித்தேன். "இது என்ன மாட்டுச் சந்தையோ?"

"கோவிக்காதேங்கோ பிள்ளை. எல்லாரும் அவர் வெல்லுவார் எண்டுதான் கட்டியிருக்கினம். மேலே எண்டு ஒருத்தனும் கட்டேல்லை" என்றார் முதலாளி.

அது உண்மை. சைக்கிள் கடைக்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லாரும் கீழேதான். அன்று பின்னேரம் இடுக்கால் ஒரு நூறு ரூபாய்த் தாள் அந்தப் பக்கம் போனது. அது என்னுடையது. மரியாதை பற்றி இனி நான் பேசக்கூடாது.

காசு கட்டியவர்கள் சும்மா இருப்பார்களா? வெற்றிலையை நிறுத்தச் சொல்லி நானா கட்டளை போட்டார். கரியும் உப்பும் கலந்த பற்பொடி கொண்டுவந்து கொடுத்தார். நிமிர்ந்து நடக்கச் சொல்லி முதலாளி அலுவலக முற்றத்தில் காலையும் மாலையும் நடக்கவிட்டுப் பார்த்தார். அலுவலக ஆட்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். வெற்றிலை இல்லாத ஏக்கத்தில் மனிசன் புல்லை ஒரு பாட்டம் மூர்க்கமாக வெட்டினார், முற்றம் மொட்டையாகிப்போனது.

என் பங்கு வாழ்க்கை வரலாறு. வைத்தியர் கேட்டால் சொல்லவென்று அரைப்பக்கம் தட்டச்சு அடித்து, அவருக்கு வாசித்து வாசித்துக் காட்டிப் பாடமாக்க வைத்தேன். எழுபத்தேழில் பதினேழு வயது. தனியாளாக வன்னிக்கு வந்தேன். கண்டாவளைப் பக்கம் காடு வெட்டினேன். பிறகு கலியாணம். பிறகு வவுனியா. கணக்குச் சரியாக வரும்படி நானே எல்லாவற்றையும் அடுக்கினேன். அவர் நல்ல மாணவன். ஆனால் "தனியாளாக வந்தேன்" என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் தடக்குப்பட்டார். எனக்குப் பொறுமை கிடையாது. "இதில என்ன கஷ்டம் இருக்கு? ரெண்டே ரெண்டு சொல்லுத்தானே!" என்று ஒரு பள்ளிப் பிள்ளையை ஏசுவது போல ஏசினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

படிவத்தில் உதவி வேண்டும் என்று வைத்தியரிடம் நானும் கூடப்போனேன். இளம் வைத்தியர். மணிக்கட்டை அமத்தினார், முழங்காலை மடக்கச் சொன்னார், பிறகு சொன்னார்: "வாயைத் திறவுங்கோ." நானா மட்டும் அங்கே இருந்திருந்தால் துள்ளியிருப்பார்.

"நாற்பத்துமூண்டு, நாலு போடலாம்" என்று வைத்தியர் பேனையை எடுத்தார். எனக்குள் பலகையும் சோக்கட்டியும் நூறு ரூபாயும் ஓடின. எழுதத் தொடங்குகிறபோது, சும்மா கதைக்கிற மாதிரித்தான் கேட்டார்: "வன்னிக்கு எப்ப வந்தனீங்கள்? ஆரோட?"

அவர் பாடத்தைத் தொடங்கினார். "எழுபத்தேழுல பதினேழு வயசுங்க ஐயா. தனியாளா..."

நின்றுவிட்டார். நான் காலால் அவருடைய காலை மிதித்தேன்.

"தனியா வரலைங்க ஐயா" என்றார். "பொஞ்சாதி பெட்டியத் தூக்கிட்டு வந்தா. நான் புள்ளயத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தேன். மூணு வயசு. பொம்பளப் புள்ள. கண்டாவளையில காடு வெட்டுறப்ப காய்ச்சல்ல போயிருச்சு."

வைத்தியரின் பேனை தாளுக்கு மேலே அப்படியே நின்றது. எழுபத்தேழில் பதினேழு வயது, தோளிலே மூன்று வயதுப் பிள்ளை. கணக்குப் போட எனக்கு விரல் தேவைப்படவில்லை. வைத்தியர் நல்ல மனிசன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா, அதை நான் எழுதத் தேவையில்லை. நான் கேட்கேல்லை, நீங்கள் சொல்லேல்லை" என்றார்.

"எழுதுங்க ஐயா. அவ பொறந்த காகிதம் எரிஞ்சு போச்சு. செத்ததுக்குக் காகிதமே எடுக்கல. அவ இருந்தான்னு எந்தக் காகிதத்துலயும் இல்லைங்க. இதுல ஒரு வரி போட்டுருங்க."

வைத்தியர் எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில், மூன்று வயதுப் பெண் குழந்தையுடன் வன்னிக்கு வந்தவர் என்று. அதற்கு மேலே உத்தேச வயது நாற்பத்தெட்டு.

திரும்பி வரும்போது, தட்டச்சு அடித்த அந்த அரைப்பக்கத்தை எடுத்துக் கிழித்துப் போட்டேன். இரண்டு கிழமையாக அந்த மனிசனின் வாயில் நான் திணித்த சொல் அதில்தான் இருந்தது. அவர்தான் என்னைத் தேற்றினார். "கோவமா மிஸ்? ரொம்ப உசரமாத் தாண்டிட்டேன்ல?"

புக்கியில் எல்லாரும் காத்திருந்தார்கள். நான் முதன்முதலாக அந்தப் படி ஏறி, எல்லாரையும் பார்த்து நடந்ததைச் சொன்னேன்.  சட்டப்படி காசு முழுவதும் முதலாளிக்கு. அவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானாதான் தொண்டையைச் செருமினார். "முதலாளி, தாளில ஒவ்வொரு குதிரைக்கும் எவ்வளவு பாரம் ஏத்தினதெண்டு போட்டிருக்கும்தானே? இவர்ட பாரம் எங்களுக்கு ஆரும் சொல்லல்ல. பாரம் சொல்லாம ஓடின ஓட்டம். செல்லாது."

"ஓம், செல்லாது" என்று முதலாளி பலகையைத் துடைத்தார். காசை எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார். என்னுடைய நூறு ரூபாய் பழையபடி இடுக்கால் என் கடைக்குள் போனது. நான் அந்தப் படியில் நின்றுகொண்டிருந்தும், பழக்கதோஷத்தில் இடுக்கால்தான் தள்ளினார்.

நிரந்தரம் கிடைக்கவில்லை. அவர் நாட்சம்பளத்திலேயே புல் வெட்டினார். ஆனால் அடுத்த நாள் காலை கடைக்கு வந்து, பத்திரத்தை மேசையில் வைத்து, மூன்று கொப்பி எடுக்கச் சொன்னார்.  எடுத்துக் கொடுத்தேன். அவர் போகாமல் நின்றார்.

"மிஸ், அந்தக் கொப்பிக்குக் கீழ அவ பொறந்த தேதியையும் அடிச்சுத் தருவீங்களா? சும்மா, எனக்குத்தான்."

நான் மெசினில் தாளை ஏற்றினேன். விரல்கள் தாமாகவே ஜனவரிக்குப் போய்விட்டன. அதற்குள் அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். தன் வயது தெரியாத அந்த மனிசன் வருடம், மாதம், திகதி, கிழமை எல்லாவற்றையும் எங்கேயும் தடக்குப்படாமல் சொன்னார். விடியக்காலை, தோட்டத்தில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, தப்படித்து ஆட்களைக் கூப்பிடுகிற நேரம் என்றார். அதையும் அடிக்கச் சொன்னார்.