டார்கஸின் சொந்தக்காரர்கள்

தேம்ஸ் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிவரும் காலைகளில் எங்கள் முற்றத்தில் வெள்ளைத் துணி எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு சிவந்த கை மட்டும் முதலில் வரும். பிறகுதான் டார்கஸ் ஃபெல் வருவாள். நானும் அவளும் லண்டனின் லாம்பெத் பகுதியில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள், துணி வெளுப்பவர்கள். கொதிக்கிற கொப்பரை இருவருக்கும் பொது.

அவள் புருஷன் சரக்குப் படகு தள்ளியவன். ஒரு பனிநாளில் படகிலிருந்து விழுந்தான், உடல் கிடைக்கவேயில்லை. அடிக்கடி கனவில் வருவான் என்பாள். காலணியில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி, "எல்லாம் இருக்கு, பாத்துக்கோ" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவானாம். அவனுக்குப் பின்னால் இன்னும் பலர் ஆற்றிலிருந்து எழுந்து வருவார்கள். அவர்களில் சிலர் கையையோ காலையோ காணாமல் சேற்றில் துழாவிக்கொண்டிருப்பார்கள். கடைசி நாளில் இறந்தவர்களெல்லாம் எழும்போது இப்படித்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. ஏழை விடுதியில் செத்து, யாரும் கேட்டு வராத உடலை மருத்துவப் பள்ளிக்கு அறுத்துப் படிக்கக் கொடுக்கலாம். சொந்தக்காரர் வந்து வேண்டாம் என்றாலோ, செத்தவர் உயிரோடிருக்கும்போதே இரண்டு சாட்சிகள் முன்னால் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலோ அறுக்கக் கூடாது.

டார்கஸ் விடுதிக்குத் துணி கொண்டுபோன ஒரு நாள், வாசலில் மருத்துவப் பள்ளியின் மூடுவண்டி நின்றது. தீக்குச்சி விற்ற கிழவி ஒருத்தியின் உடலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டார்கஸ் கூடையை இறக்கி வைத்தாள். "அவ என் அக்கா. அறுக்காம புதைங்க" என்றாள். கிழவியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவளுக்குச் சொந்தம் பெருகிக்கொண்டே போனது. விடுதித் தலைவர் ஹோஸ்கின் சும்மா விடுவாரா? ஜமைக்கா மாலுமி ஒருவன் செத்தபோது நானும் கூட இருந்தேன்.

"வாங்கம்மா, வாங்க. போன தடவை அயர்லாந்துக்காரன் ஒங்க சித்தப்பா. இவரு யாரு?"

"மச்சினன்."

"மச்சினனா? எந்த வழியில?"

"கடல் வழியில."

ஹோஸ்கினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போங்க, புதைக்கச் சொல்றேன். இங்கிலாந்து ராஜாவுக்குக்கூட இவ்வளவு பெரிய குடும்பம் இல்ல" என்றார்.

ஆனால் மருத்துவப் பள்ளியில் மேசைகள் காலியாகக் கிடந்தன. அங்கே கற்றுக்கொடுத்த அறுவை மருத்துவர் லிட்யார்டு ஒரு நாள் எங்கள் முற்றத்துக்கே வந்தார். ஒல்லியான மனிதர். தொங்குகிற துணிகளை விலக்கிக்கொண்டு வரத் தெரியாமல், ஈரப் போர்வை முகத்தில் அறைந்தபடி வந்து நின்றார்.

"நான் சண்டைக்கு வரலம்மா. செத்தவங்களுக்கு வலி தெரியாது. ஒரு உடம்புல நாங்க கத்துக்கிறது எத்தனையோ பேர் உயிரைக் காப்பாத்தும். நிறையப் பேருக்கு நிறைய நன்மை எதுல வருதோ, அதுதானே நியாயம்? சட்டமே அதை வச்சுத்தான் எழுதியிருக்கு."

டார்கஸ் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "நீங்க சொல்றது சரியாத்தான் தெரியுது டாக்டரய்யா. ஆனா அந்த ஒரு ஆளு ஏன் எப்பவும் எங்க சந்துல இருந்தே வர்றான்? ஒங்க தெருவுல யாரும் சாகறதில்லையா?"

பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"முன்னாடி கொலை பண்ணித் தூக்குல தொங்கினவனை அறுத்தீங்க. இப்ப ஏழையா இருந்தாலே போதும்னு ஆயிடுச்சு."

"சட்டத்தைப் பத்தியே ஆயுசு முழுக்க எழுதின பெரியவர் ஒருத்தர், தன் உடம்பையே அறுக்கக் கொடுத்துட்டுப் போனாரும்மா" என்றார் மெதுவாக.

"அவரு கொடுத்தாரு. எங்ககிட்ட எடுக்குறீங்க."

கொப்பரையின் ஆவி இருவரையும் மூடிக்கொண்டது. கலைந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அடுத்த குளிர்காலம் டார்கஸ் காய்ச்சலில் விழுந்தாள். பனி உருகும்வரை விடுதிப் பக்கமே போகவில்லை. அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய வசந்தத்தில் என் புருஷன் நெட், நிலக்கரி மூட்டை தூக்கும்போது அப்படியே சுருண்டு விழுந்தான். குடல் இறங்கி முறுக்கிக்கொண்டது. வீங்கி, வாந்தி எடுத்து, மத்தியானத்துக்குள் முகம் மெழுகாகிவிட்டது. டார்கஸ்தான் ஓடிப்போய் லிட்யார்டைக் கூட்டி வந்தாள்.

எங்கள் சமையல் மேசையில் கிடத்தி அறுத்தார். டார்கஸ் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். நெட்டின் அலறல் தூரத்துப் படகுச் சங்கு போல எங்கிருந்தோ வந்தது. அந்த மருத்துவரின் விரல்கள் அவசரப்படவில்லை. ஏற்கெனவே நடந்து பழகிய பாதையில் போவது போல உள்ளே போய், முறுக்கை விடுவித்துத் திரும்பின. நெட் பிழைத்தான்.

அவருடைய சட்டைக் கையில் இருந்த ரத்தத்தை டார்கஸ் தண்ணீரில் அலசினாள். "இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"இந்தக் குளிர்காலத்துல. இதே மாதிரி குடல் இறங்கின ஒருத்தர். யாரும் கேட்டு வரல."

"பேரு?"

"தெரியாதும்மா."

அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதனை யாரும் கேட்டுப் போகாதது ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் காய்ச்சலில் கிடந்த மாதங்கள் அவை. அன்று முழுக்க நெட் தூங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மூச்சு ஒவ்வொன்றும் பெயரில்லாத யாரோ கொடுத்தது போல இருந்தது. அந்த ஆளிடம் நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதோடு டார்கஸ் சொந்தம் கொண்டாடுவதை நிறுத்தினாள். விடுதியில் நோயாளிகளின் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்து, நேராகவே கேட்டாள்: "போன பிறகு அறுக்கலாமா, வேண்டாமா? என்ன சொன்னாலும் சரி." சாட்சிக்கு என்னையும் இழுத்துப்போவாள். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். ஒரு செருப்புத் தைக்கிறவர் மட்டும் சிரித்தார். "எடுத்துக்கச் சொல்லும்மா. உயிரோட இருந்தப்ப என் பொண்டாட்டி நான் எதுக்குமே உதவாதவன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. மேல போய் அவ வாயை அடைக்கலாம்." அவரைக் கொடுக்க விட்டாள். படித்து முடித்துப் புதைத்த அன்று நாங்கள் குழியருகே நின்றோம். லிட்யார்டும் தொப்பியைக் கழற்றியபடி வந்து, செத்தவரின் பெயரைச் சொன்னார்.

அந்த இலையுதிர் காலத்தில் லிட்யார்டு மறுபடியும் முற்றத்துக்கு வந்தார். இந்தத் தடவை போர்வைகளை ஒழுங்காக விலக்கத் தெரிந்திருந்தது.

"எனக்கு ரெண்டு சாட்சி வேணும். என் உடம்பை என் மாணவங்களுக்கே கொடுக்கணும். நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்குங்க."

"ஏன் எங்ககிட்ட?" என்றேன்.

"எங்க தெருவுல இதைக் கேக்க யாருக்கும் தைரியமில்ல."

சில வருஷங்களில் அவர் இறந்தார். பிணம் அறுக்கும்போது விரலில் பட்ட கத்திக் கீறல் சீழ் பிடித்துக்கொண்டது. அவருடைய அக்கா, மிஸ் அகஸ்டா, தம்பியின் உடல் கிடந்த அறையைத் தாழிட்டுவிட்டு, தரமாட்டேன் என்றாள். டார்கஸ் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். கம்பளம் விரித்த அந்த வீட்டுக் கூடத்தில் எங்கள் காலணிச் சத்தமே கேட்கவில்லை. தூக்கத்தில் நடப்பது போல இருந்தது.

"நீயா வந்திருக்கே?" என்றாள் அகஸ்டா. "ஊரெல்லாம் பொய் சொல்லிப் பிணங்களைத் தடுத்தவ நீதானே? எனக்கும் ஒரு பொய் சொல்லேன். அவன் அப்படிச் சொல்லவே இல்லன்னு சொல்லேன்."

டார்கஸின் கண் நிறைந்தது. "அவங்களை யாரும் கேக்கலம்மா, அதனால பொய் சொன்னேன். இவரு சொல்லி நான் கேட்டிருக்கேன். நீங்க வேண்டாம்னா சட்டப்படி விட்டுடுவாங்க. ஆனா அவரு சொன்னதை இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே பனி ஜன்னலை ஒட்டி நின்றது. அகஸ்டா எழுந்து போய்த் தம்பி கிடந்த அறையின் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

டார்கஸ் தன்னைப் பற்றிச் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். அவளிடமும் நான் கேட்டேன். "என்னை அறுக்க வேண்டாம்டி பெகி, முழுசாப் புதைச்சிடு" என்றாள். "என் புருஷன் கரையேறி வர்றப்ப ரெண்டு கையையும் காட்டுவான். நானும் காட்டணும்ல?" அவள் போனபோது சொன்னபடியே செய்தோம். அகஸ்டாவும் அன்று வந்திருந்தாள்.