பட்டியலில் இருந்த பெயர்

கணினியைப் போட்டதும் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்பும் திறந்த மூல மென்பொருள் ஒன்று உண்டு; யார் வேண்டுமானாலும் அதற்குத் திருத்தம் அனுப்பலாம். அதன் விளக்கக் குறிப்புகளை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை என்பதில் எனக்குத் தீராத எரிச்சல். மயிலாப்பூர் வீட்டில் காலைக் காபி ஆறுவதற்குள், தவறான கட்டளை ஒன்றையோ பழைய கோப்பின் பெயரையோ திருத்தி அனுப்பிவிடுவேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் என்று பட்டியலில் இருப்பவருக்கும் தானாகவே ஒரு மெயில் போகும். பட்டியலில் இருந்தது என் நண்பனின் பெயர். அவன் இறந்து எட்டு மாதம் ஆகியும் மெயில் போய்க்கொண்டிருந்தது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. யாரோ வாங்கி வைத்துக்கொள்வதுபோல் இருந்தது.

ஒரு நாள் அவன் மனைவி போன் செய்தார்.

"உங்க மெயில் வந்தா அவர் போன் டிங்னு அடிக்கறது."

பதறிப்போய், பெயரை இன்றே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுத்துடாதீங்கோ. அவருக்கு வேற யாரும் எழுதறதில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் தினம் சார்ஜ் போட்டுண்டிருக்கேன்."

என் கைவசம் ஏழு திருத்தங்கள் இருந்தன. நாளுக்கு ஒன்றாக அனுப்பினேன். எட்டாம் நாள் எவ்வளவு தேடியும் ஒரு பிழை கிடைக்கவில்லை. சரியாக இருந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்பினேன்.